அச்சடித்த பணத்துக்கு ஈடாக டாலர் இருந்தும் அர்ஜென்டினாவின் பெசோ ஏன் சரிந்தது?

ஈடு இருந்தது அச்சடித்த பணத்துக்கு மட்டும்தான், அங்கேதான் சிக்கலே. 1991 ஏப்ரலில் வந்த சட்டப்படி 1 பெசோவுக்கு 1 டாலர். மத்திய வங்கி வெளியிடும் பெசோவுக்கு ஈடாக டாலர் கையிருப்பு காட்டியே ஆகவேண்டும் (அதில் ஒரு பகுதி அரசின் டாலர் கடன்பத்திரமாகவும் இருக்கலாம், அதுவே ஒரு ஓட்டை). விலைவாசி மடமடவென்று அடங்கியது, உண்மைதான். ஆனால் ஒரு வங்கி டெபாசிட் வாங்கி, அதில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்து, அந்தக் கடன் இன்னொரு வங்கியில் டெபாசிட்டாகப் போய் உட்கார்ந்து, இப்படியே பத்து வருடத்தில் மக்கள் கணக்கில் இருந்த மொத்தப் பணம் கையிருப்பை எங்கேயோ தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் டாலர் டெபாசிட் வேறு! அத்தனை டாலருக்கு எங்கே போவது?

அதனால் இப்படி நாணயத்தை டாலரோடு கட்டிய ஒரு நாட்டின் கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும் என்று பார்த்தால் மட்டும் போதாது. டெபாசிட்டையும் சேர்த்த மொத்தப் பணத்தில் அது எத்தனை சதவீதம், வருடா வருடம் குறைகிறதா என்று பாருங்கள்.

2001-இல் எல்லோரும் பணத்தை எடுக்க ஓடினார்கள். டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோதான் என்று அரசு கட்டுப்படுத்தியது. ஜனவரியில் 1-க்கு 1 கைவிடப்பட்டது. 2002 நடுவில் ஒரு டாலர் கிட்டத்தட்ட 4 பெசோ.