சிறுத்துவிட்ட இரைப்பைக்கு என்ன கொடுப்பது? – கேள்வி பதில்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும் பணியில் பதினான்கு ஆண்டுகளாக மதுரையில் இருக்கிறேன். கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஸ்லீவ் செய்துகொண்டவர்கள். அதாவது இரைப்பையின் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போல் வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் பைபாஸ் செய்துகொண்டவர்கள். அவர்களுக்கு மேலே ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் சற்றுத் தள்ளிய பகுதியோடு நேரடியாக இணைத்திருப்பார்கள். உணவு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை உங்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

திண்டுக்கல் வாசகி: ஸ்லீவ் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. முட்டைகூடச் சாப்பிடாத சைவம் நான். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான்கைந்து வாய்க்கு மேல் இறங்காதபோது அறுபதை எப்படி எட்டுவது?

பதில்: இன்று வந்த கேள்விகளில் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதுதான், அம்மா. ஒரு இட்லியில் இருக்கும் புரதம் ஏறத்தாழ இரண்டு கிராம். ரசத்தில் இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று நம்பி ஊற்றிக்கொள்கிறோம். ஆனால் கரண்டியை மேலாக விட்டு எடுத்தால் வருவது புளிநீரும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டும்தான். பருப்பு பாத்திரத்தின் அடியில் கிடக்கிறது. ஆகவே சாம்பாரைக் கலக்காமல், அடியிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, டீ வடிகட்டியில் ஐந்து நிமிடம் வைத்து, நீர் வடிந்தபின் நிற்கும் மசியலை மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் சமையல் பாடம் இதுதான்.

மூன்று வேளைச் சாப்பாட்டில் அறுபதை எட்ட முடியாது. ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பனீரில் 18 கிராம் புரதம் கிடைக்கும். அதை உதிர்த்து, இஞ்சி, மிளகு சேர்த்துப் பொடிமாஸ்போல் வதக்கி இரண்டு வேளையாக உண்ணலாம். உலர்ந்த மீல்மேக்கர் 25 கிராம் எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக் குருமாவில் சேர்த்தால் 13 கிராம் வந்துவிடும். தயிரை வெள்ளைத் துணியில் கட்டி ஓர் இரவு வடியவிட்டால், அளவுக்கு அளவு பார்க்கையில், சாதாரணத் தயிரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு புரதம் அதில் இருக்கும். அப்படி வடிந்த தயிர் 150 கிராம் உண்டால் 10 கிராம். ஒரு டம்ளர் பாலில் ஆறு கிராம். அந்தப் பாலிலேயே ஒரு கரண்டி வே புரதப் பொடியைக் கலந்தால் இன்னும் இருபது. கூட்டிப் பாருங்கள், அறுபதைத் தாண்டிவிடுகிறது. சாதத்துக்கு இதில் இடமில்லையே என்று கேட்பீர்கள். ஆம், இப்போதைக்கு இல்லை. புரதம் முதலில், காய் அடுத்து. அதற்குமேல் வயிற்றில் இடமிருந்தால் இரண்டு வாய்ச் சாதம்.

கோவை வாசகர்: சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறார்கள். விக்கினால் என்ன செய்வது?

பதில்: ஒரு மடக்குக் குடியுங்கள், தவறில்லை. சாப்பாட்டோடு டம்ளர் டம்ளராகக் குடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். இருக்கும் சிறு இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடம் இல்லாமல் போகும்; உணவும் நீரோடு சேர்ந்து விரைவில் கீழே இறங்கிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கத் தொடங்கி, ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். விக்கல் அடிக்கடி வந்தால், நீங்கள் வேகமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, ஒரு கிண்ணத்துக்கு இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் வாசகர்: என் மனைவிக்கு அறுவை சிகிச்சை ஆகி ஐந்து வாரம். பத்து நாளாக எதைக் கொடுத்தாலும் வாந்தி. போகப் போகச் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: ஐயா, இதைப் படித்தவுடன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். வைட்டமின் பி1 என்னும் தயமின் நம் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கையிருப்பில் தங்காது. தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவு தவறும். நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஓர் இளம்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரமாக வாந்தி; வீட்டுக்கருகே ஒரு மருத்துவமனையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் சுவரைப் பிடிக்காமல் நடக்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், “எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஆனவர், தயமின் கொடுத்தபின் குளுக்கோஸ் ஏற்றுங்கள்” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதி அவருடைய பையிலும் வையுங்கள்.

ஈரோடு வாசகி: நான்காம் மாதம். தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது.

பதில்: மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை பலருக்கும் உதிரும், எடை வேகமாகக் குறைவதன் விளைவு இது, பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் இரும்புச்சத்தையும் புரதத்தையும் சோதித்துப் பாருங்கள். எண்ணெயை மாற்றிப் பயனில்லை.

சென்னை வாசகர்: எந்தக் கம்பெனிப் புரதப் பொடி நல்லது?

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். ஒரு கரண்டிக்கு 20 கிராமுக்குக் குறையாத புரதமும், மிகக் குறைந்த சர்க்கரையும் இருக்கிறதா என்று டப்பாவின் பின்புறம் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

திருநெல்வேலி வாசகர்: நான்காண்டுக்கு முன் பைபாஸ். 118 கிலோவிலிருந்து 76-க்கு வந்தேன். இப்போது 88. அறுவை சிகிச்சை தோற்றுவிட்டதா?

பதில்: தோற்கவில்லை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிப் பல்லாண்டு நடந்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தம் எடையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. ஆக, கொஞ்சம் திரும்புவது இயல்பு. நீங்களும் இன்று 25 சதவீதத்தில்தான் நிற்கிறீர்கள். ஆனால் பத்தாண்டில் வந்திருக்க வேண்டிய இடத்துக்கு நான்கே ஆண்டில் வந்துவிட்டீர்கள் என்பதால் சும்மா இருக்க முடியாது.

மூன்று நாள், வாயில் போடும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். இப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்களின் தாளில் பெரும்பாலும் காலையும் மதியமும் ஒழுங்காக இருக்கும். மாலை நான்கு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையில்தான் முறுக்கும் மிக்சரும் டீயில் நனைத்த ரஸ்க்கும் இருக்கும். கோழிக்கறி மூன்று துண்டிலேயே நெஞ்சை அடைக்கிறது, முறுக்கு மட்டும் எத்தனை வேண்டுமானாலும் போகிறது என்று நீங்களே உணர்ந்திருப்பீர்கள். முறுக்கு வாயிலேயே மாவாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவதால் சிறு பை நிரம்புவதே இல்லை. கறி தங்கி நின்று போதும் என்று சொல்லவைக்கிறது. ‘எளிதாக இறங்குகிறது’ என்று நோயாளிகள் மகிழ்ச்சியோடு சொல்லும் உணவுதான் எனக்குக் கவலை தருவது. மாலை நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: மீல்மேக்கர், பவுடர் என்றே சொல்கிறீர்கள். நம் தாத்தாக்கள் கேழ்வரகுக் கூழ் குடித்தே ஒல்லியாகவும் உரமாகவும் இருந்தார்கள். ஸ்லீவ் ஆன எனக்கு மூன்று வேளையும் கூழே போதாதா?

பதில்: போதாது, ஐயா. ஒரு டம்ளர் கூழில் ஏறத்தாழ 30 கிராம் கேழ்வரகு மாவு இருக்கும். அதில் இரண்டு கிராம் புரதம், இருபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து, நூறு கலோரி. மூன்று வேளைக்கும் சேர்த்து ஆறு கிராம் புரதம்தான் ஆகிறது. உடலுக்கு மீதி ஐம்பத்துநான்கு எங்கிருந்து வரும்? உங்கள் தொடையிலும் தோளிலும் உள்ள தசையைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்ளும்.

சேலம் வாசகி: நான் அவர் பக்கம். கேழ்வரகில் கால்சியம் பாலைவிட அதிகம் என்று எங்கும் எழுதியிருக்கிறது.

பதில்: எடைக்கு எடை பார்த்தால் உண்மைதான். 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் டம்ளருக்கு விழுவது 30 கிராம் மாவு. அதாவது நூறு மில்லிகிராம் கால்சியம். அதிலும் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் ஒரு பகுதியைக் குடலில் சேரவிடாது. இந்த அறுவை சிகிச்சை ஆனவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 1200 முதல் 1500 மில்லிகிராம்.

உசிலம்பட்டி வாசகர்: அப்படியென்றால் எங்கள் தாத்தா எப்படி எண்பது வயதுவரை ஏர் பிடித்தார்?

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் பாதி உங்கள் கட்சிதான். உங்கள் தாத்தாவின் இரைப்பை ஒரு சொம்புக் கூழைத் தாங்கியது. உங்களுக்கு இப்போது கொள்வது ஒரு சிறு டம்ளர். அவர் விடிந்ததிலிருந்து வயலில் நின்றார். அந்த மாவுச்சத்து அங்கேயே எரிந்துபோயிற்று. அவர் கூழை வெறுமனே குடிக்கவும் இல்லை. சுட்ட கருவாடோ, மொச்சைக் குழம்போ, கெட்டி மோரோ பக்கத்தில் இருந்திருக்கும். புரதம் அங்கிருந்துதான் வந்தது. நாம் சொம்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கருவாட்டை மறந்துவிட்டோம். கூழ் கெட்டது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்தச் சிறு டம்ளர் இடத்தை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதே கேள்வி.

கோவை வாசகி: சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கலாமா?

பதில்: மேலே உங்கள் ஊர்க்காரருக்கே சொல்லியிருக்கிறேன்.

தஞ்சாவூர் வாசகி: பைபாஸ் ஆனது. காலையில் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, பி12 எல்லாவற்றையும் டீயோடு சேர்த்தே போட்டுவிடுகிறேன். இருந்தும் ஹீமோகுளோபின் 9.

பதில்: அதனாலேயே 9 என்று நினைக்கிறேன். கால்சியம் இரும்பைச் சேரவிடாது. டீயிலுள்ள டானினும் தடுக்கும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். டீயைத் தள்ளிவைத்து எலுமிச்சைச் சாறோடு இரும்பைப் போடுங்கள். கால்சியத்தை ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுக்காமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். கடையில் கேட்டதும் கொடுப்பது பெரும்பாலும் கார்பனேட். அது சேர்வதற்கு இரைப்பை அமிலம் வேண்டும், உங்களுக்கு அது குறைவு. சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள். பி12 ஊசியாகப் போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இவை எல்லாம் ஆயுள் முழுவதற்கும். எடை குறைந்தபின் நிறுத்திவிடுகிறவர்களே மூன்றாம் ஆண்டில் ரத்தசோகையோடு வருகிறார்கள்.

நாகர்கோவில் வாசகர்: எடை ஏறுவதால் செமாகுளுடைட் ஊசி போடலாமா?

பதில்: மருத்துவர் சொல்ல வேண்டிய பதில். ஊசியால் பசி இன்னும் குறைந்தால் புரதம் எட்டுவது இன்னும் கடினம் என்பதை மட்டும் அவரிடம் நினைவுபடுத்துங்கள்.

விழுப்புரம் வாசகி: திருமணமாகி ஐந்தாண்டு. சிகிச்சை ஆகி ஏழு மாதம். குழந்தைக்கு முயலலாமா?

பதில்: இன்னும் காத்திருங்கள், அம்மா. 12 முதல் 18 மாதம் கழிந்து, எடை ஓரிடத்தில் நின்றபின் முயல்வதே தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. எடை குறைந்ததும் கருத்தரிப்பது எளிதாகிவிடும் என்பதால், அதுவரை தக்க கருத்தடையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பைபாஸ் ஆனவர் என்றால், கர்ப்பக் காலத்தில் குளுக்கோஸ் நீர் கொடுத்துச் செய்யும் சர்க்கரைச் சோதனை உங்களுக்கு ஒத்துவராது; அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவுற்றபின் மசக்கை வாந்தி நிற்காவிட்டால், கும்பகோணத்தாருக்குச் சொன்ன தயமின் எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும்.

கரூர் வாசகர்: பைபாஸ் ஆகி இரண்டாண்டு. மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறேன்.

பதில்: நிறுத்துங்கள். இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கி ரத்தம் கசியவைக்கும். பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதுவும் இதே புண்ணைக் கொண்டுவரும்.

சென்னை, திருச்சி, வேலூர் வாசகர்கள்: எந்தப் பவுடர்?

பதில்: டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். வேறு பதில் என்னிடம் இல்லை.

காரைக்குடி வாசகி: பைபாஸ் ஆகி பத்து மாதம். அடுத்த வாரம் தங்கை கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தால் விடமாட்டார்கள்.

பதில்: உட்காருங்கள், கல்யாண வீட்டில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. வீட்டிலேயே பனீரோ முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையில் பருப்பு, கூட்டு, பொரியல், அவியல் ஆகியவற்றிலிருந்து இரண்டிரண்டு வாய். வடையின் ஓரத்தைக் கிள்ளிக்கொள்ளலாம். பாயசம் மட்டும் வேண்டவே வேண்டாம்: சர்க்கரை நேரே குடலில் இறங்குவதால் அரை மணிக்குள் படபடப்பும் வியர்வையும் வரலாம், இரண்டு மணி கழித்து ரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கமும் வரலாம். பரிமாறுகிறவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிராமல், இலைமேல் கையை வைத்து மறித்துவிடுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: யோசித்துப் பார்த்தேன். காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன், இரவில் பருப்பு மசியலும் கெட்டித் தயிரும். பதினொரு மணிக்கு மட்டும் அரை டம்ளர் கூழ். ஒத்துக்கொள்கிறீர்களா?

பதில்: மனதார ஒத்துக்கொள்கிறேன், ஐயா. முட்டையில் 12, மீன் 100 கிராம் என்றால் 20 என்று வைத்தாலும் அறுபதுக்கு இன்னும் குறைகிறது; மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும், படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலில் புரதப் பொடியும் சேருங்கள். கூழை மோர் விட்டுக் கெட்டியாகக் கரைத்து, கரண்டியால் உண்ணுங்கள். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பு), பி12, வைட்டமின் டி, ஆல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்) பார்த்து, அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.