நண்டுக் குஞ்சு தருகிறேன் என்பவருக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: திருவாரூர் பக்கம் எங்களுக்கு ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. பத்தாயிரம் வயல் நண்டுக் குஞ்சு தருவதாக ஒரு ஏஜென்ட் வந்து பேசுகிறார். குஞ்சு ஒன்று 5 ரூபாய். ஆறு மாதத்தில் கிலோ 450 ரூபாய்க்கு அவரே திரும்ப எடுத்துக்கொள்வாராம். ஏற்கெனவே முப்பது பேருக்குக் கொடுத்திருக்கிறாராம். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது நடக்காது என்பதற்கு வயல் நண்டு குஞ்சு பொரிக்கும் விதமே போதும்.

கழிமுகத்தில் பிடிபடும் சேற்று நண்டு பத்து லட்சத்துக்கும் மேலே முட்டை சுமக்கும். பொரித்து வருவது நண்டு மாதிரியே இருக்காது, மிதந்து திரியும் ஒரு பொடி உயிர். உப்புத் தண்ணீரில் பல தடவை உருமாறிய பிறகுதான் அது நண்டாகும். பாதி வழியில் பெரும்பகுதி செத்துப்போனாலும் மிச்சம் கணிசமாகத் தேறும். சீர்காழி பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையம் சேற்று நண்டுக்குப் பொரிப்பகம் நடத்த முடிந்தது இதனால்தான்.

வயல் நண்டின் கதை வேறு. அதன் முன்னோர்கள் கடலை விட்டு ஆற்றுக்கு ஏறி வந்தவை. ஓடுகிற தண்ணீரில் மிதவைக் குஞ்சை விட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். காலப்போக்கில் அந்தக் கட்டமே இல்லாமல் போய்விட்டது. முட்டை பெரிது, எண்ணிக்கை கொஞ்சம், முட்டைக்குள்ளேயே முழு நண்டாகித்தான் வெளியே வரும். தாய் அதை வயிற்று மடலுக்கு அடியில் வைத்துச் சுமக்கும். வரப்பில் பிடித்த நண்டின் மடலைத் தூக்கினால் குஞ்சுகள் மொய்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சரி, கணக்கைப் போடுங்கள். ஒரு தாய்க்கு நூறு, இருநூறு குஞ்சு என்று வைத்தாலும் உங்களுக்குப் பத்தாயிரம் தர ஐம்பது முதல் நூறு தாய் நண்டு வேண்டும். முப்பது பேருக்கு என்றால் ஆயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம். இவ்வளவு தாய் நண்டை எங்கே வைத்திருக்கிறார்? எங்கும் இல்லை. ஊர் ஊராக ஆள் விட்டு வளையைத் தோண்டி எடுக்கிறார்கள், அல்லது மலையடிவார ஓடைகளில் வாரிக்கொண்டு வருகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மிதவைக் குஞ்சு இல்லாத நண்டு தூரம் பரவாது. அதனால் ஒரு மலையில் இருக்கும் இனம் அடுத்த மலையில் இருக்காது. இலங்கையில் மட்டும் நன்னீர் நண்டில் ஐம்பது இனங்கள்வரை இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மரப்பொந்துத் தண்ணீரிலேயே வாழும் ஒரு நண்டை 2017-இல்தான் அறிவியல் உலகம் அறிந்தது. அதற்குக் காணி பழங்குடியினரின் பெயரை வைத்தார்கள். நன்னீர் நண்டு, இறால் வகைகளில் சுமார் 30 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2025-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. இப்படிப்பட்ட ஒரு ஓடையை ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டு அதற்கு ‘பண்ணைக் குஞ்சு’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

ஏஜென்ட் உங்களிடம் செல்போனில் ஒரு வீடியோ காட்டியிருப்பார். குளம் குளமாக நண்டு, ஆட்கள் கூடை கூடையாக அள்ளுவார்கள். நன்னீர் நண்டு வளர்ப்பு நடக்கவே நடக்காதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு, அந்த வீடியோவில் இருப்பது அதுதான். சீனாவில் வளர்க்கும் நண்டு அது, கொடுக்கில் அடர்ந்த முடி இருக்கும். வளர்வது நன்னீரில் என்றாலும் முட்டை பொரிக்க உப்புத் தண்ணீருக்கு இறங்கும், மிதவைக் குஞ்சும் உண்டு. அதனால்தான் அதைப் பொரிப்பகத்தில் கோடிக்கணக்கில் எடுக்கிறார்கள். நம் வயல் நண்டுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை. ‘அப்படியானால் அந்த நண்டையே கொண்டுவந்து தருகிறேன்’ என்று அவர் பேச்சை மாற்றினால் இன்னும் உஷாராக இருங்கள். அனுமதியில்லாமல் வெளிநாட்டு நீருயிரியைக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். 1912 வாக்கில் ஜெர்மனி ஆறுகளில் நுழைந்த அந்த நண்டு, ஐரோப்பாவில் கரைகளைத் துளைத்துத் துளைத்து இன்றுவரை தொல்லை கொடுக்கிறது. காவிரி வாய்க்கால் கரைகளுக்கு அந்தக் கேடு வேண்டாம்.

இன்னொரு மோசடி, சேற்று நண்டுக் குஞ்சையே வயல் நண்டு என்று தள்ளிவிடுவது. குட்டையில் சில நாள் தாக்குப்பிடிக்கும், அப்புறம் சட்டை உரிக்கும்போது சாகும். கண்டுபிடிப்பது சுலபம், கடைசி ஜோடிக் காலைப் பாருங்கள். துடுப்புபோல் தட்டையாக இருந்தால் அது கடல்பக்கத்து நண்டு. வயல் நண்டுக்கு அந்தக் காலும் கூராகத்தான் இருக்கும்.

நிஜமாகவே வயல் நண்டுக் குஞ்சு வந்தாலும் லாபம் இல்லை. வளர்ந்த நண்டே முப்பது கிராம் அளவுதான், கிலோவுக்கு முப்பதுக்கு மேல் பிடிக்கும். சட்டை உரித்து மெத்தென்று இருக்கும் நண்டை மற்ற நண்டுகள் தின்றுவிடும். மிச்சம் இருப்பது கரையில் வளை போடும், ராத்திரியில் நடந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

திரும்ப வாங்கும் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதித் தந்தாலும் மயங்காதீர்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்களிடமும் ஒப்பந்தம் இருந்தது. 2012-இல் நிறுவனம் கைவிரித்து, போட்ட பணம் முடங்கிய கதையைக் கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ‘மானியம் வாங்கித் தருகிறேன்’ என்பதும் பொய். மீன்வளத் துறை அதிகாரி குட்டையைப் பார்த்து ஒப்புதல் தராமல் எந்த மானியமும் வராது.

இதையெல்லாம் ஒரு விவசாயி போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறதா? வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால் மீன்வளத்துக்குப் போ என்பார்கள். அங்கே போனால் வயல் நண்டுக்குத் திட்டமே இல்லை என்பார்கள். ‘இந்தக் குஞ்சு விற்பனை மோசடி’ என்று நோட்டீஸ் பலகையில் ஒரு வரி எழுதி ஒட்ட எத்தனை கையெழுத்து வேண்டும்? அந்த மெத்தனம்தான் ஏஜென்டுக்கு முதலீடு.

குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விடுங்கள். குஞ்சை அரசு மீன்பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ பில்லோடு வாங்குங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் பணம் அனுப்பிய ரசீது, அவர் பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவு, விளம்பரத் தாள் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, மற்ற முப்பது பேரில் கிடைப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போனால் ‘சமாதானமாகப் பேசிக்கொள்ளுங்கள்’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மனு ஏற்புச் சீட்டு கைக்கு வராமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.