அஞ்சரை மணி இருக்கட்டும், பையன் எப்போது வீட்டுக்கு வருவான்?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் ஆறாவது படிக்கிறான். என் கணவர் மத்திய அரசு ஊழியர், இடமாற்றம் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் அடுத்த ஆண்டு டேராடூனில் ஆண்கள் போர்டிங் பள்ளி ஒன்றில் ஏழாவது சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். காலை 5.30க்கு எழுப்புவதாக அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். இவன் இரவு 11 மணிக்குத் தூங்கி, ஏழு மணிக்கு எழுப்பினாலும் முனகுகிறவன். தாங்குவானா? அடுத்த ஆவணியில் திருநெல்வேலியில் என் தம்பிக்குக் கல்யாணம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தாய்மாமன் கல்யாணத்துக்கு லீவு தருவார்களா? சேர்க்கைக்கு உதவுகிற ஏஜென்ட், "லீவு, டிக்கெட் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். (ஆர்.கே.புரம் வாசகி)

பதில்: அம்மா, முதல் கேள்விக்குப் பதில், தாங்குவான். பல வருடம் ஆண்கள் ஹாஸ்டலில் ஹவுஸ் மாஸ்டராக, அதாவது விடுதிப் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். காலையில் எழ முடியவில்லை என்பதற்காக வீட்டுக்குத் திரும்பிப் போன பையனை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அவன் முனகுவதைக் கேட்க நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே டார்மிட்டரியில் இருக்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் பாத்ரூமுக்கு ஓடுவார்கள், கடைசியில் போகிறவனுக்கு வெந்நீர் இருக்காது. மூன்றாவது வாரம் மணி அடிக்கும் முன்பே துண்டும் கையுமாக நிற்பான், பாருங்கள்.

நாள் போகிற விதம் எல்லாப் பள்ளிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மணி அடித்ததும் ஒரு டம்ளர் டீ அல்லது பால், இரண்டு பிஸ்கட். பழைய பள்ளிகளில் இதை இன்னும் சோட்டா ஹாஸ்ரி என்கிறார்கள். பிறகு பி.டி., குளியல், காலைச் சாப்பாடு, அசெம்பிளி, மதியம் வரை வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெஸ்ட் அவர், தூக்கம் வருகிறதோ இல்லையோ கட்டிலில்தான் கிடக்க வேண்டும். சாயங்காலம் விளையாட்டு, மறுபடி குளியல், அப்புறம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாகப் பிரெப், அதாவது ஆசிரியர் மேற்பார்வையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வது. 1935இல் தொடங்கிய டூன் பள்ளியில் இதற்கு டாய் டைம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மணி கொஞ்சம் தாமதமாக அடிக்கும். அன்று முடிவெட்டு, ஷூ பாலிஷ், வீட்டுக்குக் கடிதம் எல்லாம் நடக்கும். கடிதத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். டேராடூனில் தமிழ்ப் பாடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இந்தக் கடிதம் ஒன்றுதான் அவன் கையெழுத்தைக் காப்பாற்றும்.

தூக்கக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். விளக்கை 9.30க்கு அணைத்து 5.30க்கு எழுப்பினால் எட்டு மணி நேரம்தான் ஆகிறது. சிறுவர்களுக்குத் தனி நேரம் வைத்து ஒன்பது மணிக்குள் விளக்கை அணைக்கிற பள்ளியும் உண்டு, பெரிய பையன்களோடு சேர்த்துப் பத்து மணி வரை உட்கார வைக்கிற பள்ளியும் உண்டு. கையேட்டில் ஒரே ஒரு நேரம் அச்சடித்திருந்தால், அது ஏழாவதுக்கா பதினொன்றாவதுக்கா என்று கேளுங்கள். விளக்கு அணையும் நேரத்தைக் கேட்கிற பெற்றோரை விரல் விட்டு எண்ணலாம், நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்காதவர் யாருமில்லை. இங்கே வீட்டில் இப்போதிருந்தே வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாக அவன் படுக்கிற நேரத்தை முன்னால் கொண்டுவாருங்கள், போதும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வருட காலண்டரைப் பற்றி. ஏஜென்ட் வாட்ஸாப்பில் அனுப்பிய காலண்டரைத் திறந்து மேலே எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பத்துக்கு எட்டு அது போன வருடத்துக் காலண்டராகத்தான் இருக்கும். நடப்பு ஆண்டுக்கானது என்றாலும் அடியில் பொடி எழுத்தில் 'மாறுதலுக்கு உட்பட்டது' என்று இருக்கும். பள்ளியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தேர்வு வாரியம் தேதி அறிவிக்கும் வரை பள்ளி காத்திருக்கிறது, பள்ளி அறிவிக்கும் வரை பெற்றோர் காத்திருக்கிறார்கள், இதற்கு நடுவில் ரயில் டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. வருடா வருடம் நடக்கிற தேர்வுக்கு ஆறு மாதம் முன்னால் தேதி சொல்வதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மலைமேல் இருக்கிற பள்ளியும் டேராடூன் மாதிரிப் பள்ளத்தாக்கில் இருக்கிற பள்ளியும் ஒரே காலண்டரில் ஓடுவதில்லை. 1859இல் தொடங்கிய சிம்லா பிஷப் காட்டன் மாதிரியான மலைப்பள்ளிகளில் பெரிய விடுமுறை குளிர்காலத்தில்தான், பையன் பொங்கலுக்கு வீட்டில் இருப்பான், மே மாதம் உங்கள் ஊரே லீவில் இருக்கும்போது அங்கே வகுப்பு நடக்கும். டேராடூனில் கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய விடுமுறை வரும், டெர்ம் நடுவில் சில நாள் மிட்டர்ம், மாதத்தில் ஒரு ஞாயிறு அவுட்டிங் என்று இருக்கும். அவுட்டிங் என்றால் காலையில் கூட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவது. டெல்லிக்குக் கூட்டிவந்து திரும்ப அதில் நேரம் கிடையாது, சில பெற்றோர் அதிகாலையில் காரில் கிளம்பி முயன்று பார்த்துவிட்டுப் பையனை ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டில் நிறுத்துவார்கள், அடுத்த அவுட்டிங் ரத்தாகும். மிட்டர்மில் வீட்டுக்கு அனுப்புவார்களா, ஆசிரியர்களோடு டிரெக்கிங் கூட்டிப்போவார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். டூன் பள்ளியில் அது மலையேற்றத்துக்கான நேரம். நீங்கள் வீட்டில் முறுக்கு சுட்டு வைத்துக் காத்திருந்து பிரயோஜனமில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருவோம். டெர்ம் நடுவில் லீவு என்பது உடன்பிறந்த அண்ணன், அக்கா கல்யாணத்துக்கும் நெருங்கிய சாவுக்கும்தான், பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் விதி. தாய்மாமன் அந்தப் பட்டியலில் இல்லை. நம் வீட்டில் தாய்மாமன் என்றால் என்ன என்று வடக்கத்திய ஹவுஸ் மாஸ்டருக்கு விளக்கலாம், அவர் தலையாட்டுவார், அவர்களிடமும் மாமா உண்டு, ஆனாலும் கையெழுத்துப் போடமாட்டார். உங்களுக்குக் கொடுத்தால் ஹவுஸில் இருக்கிற ஒவ்வொரு பையனுக்கும் நாலு மாமா இருக்கிறார்கள். விதிவிலக்கு கிடைக்கிற ஒரே வழி, கல்யாணத்தில் பையனுக்கு ஒரு சடங்கு வேலை இருக்கிறது என்று (மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறான் என்பது போல) பிரின்சிபாலுக்கு, ஹவுஸ் மாஸ்டருக்கு அல்ல, குறைந்தது ஆறு வாரம் முன்னால், பத்திரிகையை இணைத்து, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு எழுதுவது. அப்படி எழுதியும் கிடைத்தால் மூன்று நாள். மூன்று நாளில் டேராடூனிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போய்த் திரும்ப முடியுமா? நிஜாமுதீனிலிருந்து போகிற திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு இரண்டு நாள்தான், போகவே இரண்டு நாள் பிடிக்கும். ஆக விமானம்தான். அதிலும் அந்த வாரத்தில் டெஸ்ட் இருந்தால் லீவே இல்லை. இவ்வளவு பாடுபடுவதைவிட, தேதி இன்னும் குறிக்கவில்லை என்கிறீர்களே, ஆவணியை விட்டு ஆனியில் முகூர்த்தம் பாருங்கள். டேராடூன் பள்ளிகளில் பெரும்பாலும் அது கோடை விடுமுறை, பையன் ஒரு வாரம் முன்னாலேயே வந்து பந்தல்காலுக்கும் நிற்கலாம்.

சாவு வீட்டு லீவிலும் நம் ஆட்கள் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வடக்கே பதின்மூன்றாம் நாள் கணக்கு, நமக்குப் பதினாறாம் நாள். தாத்தா தவறியதற்கும் ஒரு லீவு, காரியத்துக்கும் ஒரு லீவு என்று இரண்டு தடவை அனுப்பமாட்டார்கள். எதற்கு வரவேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டுப் போன் பண்ணுங்கள்.

இனி அந்த ஏஜென்ட். "லீவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொல்வதற்கு அர்த்தம் மருத்துவச் சான்றிதழ். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு டைஃபாய்டு எழுதித் தருகிற டாக்டர் எந்த ஊரிலும் கிடைப்பார். பள்ளியிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டரும் நர்ஸும் இருக்கிறார்கள். லீவு முடிந்து வந்த பையனை அவர்கள் முதலில் பார்த்த பிறகுதான் டார்மிட்டரிக்குள் விடுவார்கள். டைஃபாய்டு வந்த பையன் கையில் மருதாணியோடு வந்து நின்ற கதையெல்லாம் எனக்குத் தெரியும். பொய் சொன்னது அப்பா, ஆனால் ஹவுஸில் பேர் கெடுவது பையனுக்கு. இன்னொன்று, சேர்க்கைப் படிவம் பள்ளியின் வலைத்தளத்திலேயே கிடைக்கிறது, நுழைவுத் தேர்வை நடத்துவது பள்ளி, நேர்காணல் செய்வதும் பள்ளி. ஏஜென்ட் செய்கிற வேலை உங்கள் மெயிலை ஃபார்வர்ட் பண்ணுவது. சில ஏஜென்ட்டுகள் பள்ளியிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு உங்களிடமும் வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவர் உங்கள் பையனுக்கு ஏற்ற பள்ளியைச் சொல்வாரா, கமிஷன் தருகிற பள்ளியைச் சொல்வாரா? 'மேனேஜ்மென்ட் கோட்டா', 'கடைசி இரண்டு சீட்' என்று பேச்சு வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

டிக்கெட்டுக்கும் அவர் வேண்டாம். 2024 நவம்பர் முதல் ரயிலில் 60 நாள் முன்னால்தான் முன்பதிவு. முன்பு இருந்த 120 நாள் இப்போது இல்லை. பள்ளி மூடும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அறுபதாவது நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால் தீர்ந்தது. நிறைய பள்ளிகளில் டெர்ம் முடியும்போது ஒரு மாஸ்டரைத் துணைக்கு அனுப்பி டெல்லிப் பையன்களை மொத்தமாகக் கூட்டிவந்து விடுகிற ஏற்பாடும் உண்டு, அதில் பெயர் கொடுங்கள். பையன் படிக்கிற ஊரிலிருந்து சொந்த ஊருக்குப் போக இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் மாணவர் சலுகை இருக்கிறது, பொதுப் பிரிவுக்குப் பாதிக் கட்டணம். அதற்குப் பள்ளியில் சான்றிதழ் வாங்கிக் கவுண்டரில்தான் நிற்க வேண்டும். எல்லாம் போனிலேயே முடிகிற காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மட்டும் கவுண்டர்.

உங்கள் கணவர் மத்திய அரசில் இருப்பதால் ஏஜென்ட் சொல்லாத ஒரு விஷயம். வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைக்கு ஹாஸ்டல் மானியம் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் மாதம் 8,437 ரூபாய் 50 காசு உச்சவரம்பு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு வாங்கினோம் என்று பள்ளி தனியாக எழுதித் தர வேண்டும். பல பள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டு ரசீது தருகின்றன, அதை எடுத்துக்கொண்டு போனால் பில் செக்‌ஷன் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்பும். சேரும்போதே இந்தச் சான்றிதழ் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன் விலகல் விதியையும் படியுங்கள். பையனுக்கு ஒத்துவரவில்லை என்று கூட்டிவருவதானால் ஒரு முழு டெர்ம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த டெர்ம் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்று பல பள்ளிகள் வைத்திருக்கின்றன. முதல் டெர்மில் அழாத பையன் கிடையாது, அதற்காக உடனே எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். பெட்டியில் துணிக்கு அடியில் போன் ஒளித்து அனுப்பவும் வேண்டாம், முதல் வாரமே பிடிபடும், டெர்ம் முடிந்துதான் கையில் வரும்.

வர்ற வாரம் பள்ளி அலுவலகத்துக்கு நீங்களே ஒரு மெயில் போடுங்கள். அடுத்த கல்வியாண்டின் காலண்டர், ஏழாம் வகுப்புக்கு விளக்கணைக்கும் நேரம், லீவு விதிகள், ஹாஸ்டல் செலவைத் தனியாகக் காட்டும் சான்றிதழ், இந்த நாலையும் எழுத்தில் கேளுங்கள். பையன் பெயரை ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள், இனிஷியலை விரித்தா சுருக்கியா என்று ஒன்றில் நில்லுங்கள், பிறகு சர்நேம் எங்கே என்று அவர்கள் ஆரம்பித்தால் டி.சி.யிலிருந்து போர்டு ரெஜிஸ்ட்ரேஷன் வரை இழுக்கும். பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் வேறு பள்ளி பாருங்கள். மெயிலில் ஏஜென்ட்டுக்கு நகல் போட வேண்டாம்.