தொலைந்து போகவில்லை மனே

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடி. கனடா வந்து 14 மாதம். ஸ்காபரோவில் பத்தாம் வகுப்பு, ஆங்கிலத்துக்கு ஈ.எஸ்.எல். (ஆங்கிலம் இரண்டாம் மொழியான பிள்ளைகளுக்கான வகுப்பு). ஒருநாள் ‘வெஜிடபிள்’ என்பதை ‘வெஜிடேபிள்’ என்று வாசித்தேன், சிரித்தார்கள். அதிலிருந்து வகுப்பில் வாய் திறப்பதில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் மட்டும் நான்தான் மொழிபெயர்ப்பேன். வீட்டில் தமிழை நிறுத்தினால்தான் ஆங்கிலம் வரும் என்கிறார் மாமி. உச்சரிப்பை எப்படித் திருத்துவது? என்ன புத்தகம் வாசிக்கலாம்?

ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. மேலே இருப்பது நான் தமிழில் சுருக்கியது. மூன்று பக்கம், ஒரு பிழை இல்லை. அதுதான் எனக்குக் கோபம். வகுப்பில் வாய் திறக்கப் பயப்படுகிற பிள்ளை இப்படி எழுதாது. தமிழில் எழுதி, போனில் போட்டு ஆங்கிலமாக எடுத்திருக்கிறாய். அந்தத் தமிழையே அனுப்பியிருக்கலாமே! இனி இப்படி வந்தால் பதில் போட மாட்டேன்.

மாமி சொன்னதை விடு. உச்சரிப்பையும் விடு, சிரித்தவர்களில் ஒருவர் ‘களுவாஞ்சிகுடி’ என்று சொல்லட்டும் பார்ப்போம். உங்கள் டொரொண்டோவிலேயே பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ், குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்து 1981இல் எழுதியிருக்கிறார். பேச்சு முதலில் வந்துவிடும். பாடப் புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 வருடம் போகுமாம். நீ 14 மாதத்துக்கு அழுகிறாய்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

1990. எனக்கு 17 வயது. ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் வெறும் ‘எஸ்’, மட்டுமட்டாகப் பாஸ். மட்டக்களப்புக் கச்சேரி (அரசாங்க அலுவலகம்) பக்கம் பெட்டிசம் எழுதுகிற பெரியவர் ஒருவருக்குக் கையாளாக இருந்தேன். அந்த வருடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தாய்மார். எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்: ‘மை சன் இஸ் மிஸ்ஸிங்’. பெயரும் திகதியும் மட்டும் மாறும். செங்கலடிப் பக்கத்து அம்மா ஒருவர், எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“தொலைஞ்சு போகல்ல மனே. கொண்டு போனாங்க.”

யார் என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. தமிழில் ‘கொண்டு போனாங்க’ என்றால் போதும், ஆளைச் சொல்லத் தேவையில்லை, வினையே அவர்களையும் சேர்த்துச் சுமக்கும். ஆங்கிலத்தில் முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். ‘தே’ என்று போட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாரந்த ‘தே’ என்று கேட்பார். கேட்டால் இந்த அம்மா என்ன சொல்வார்? பள்ளிக்கூடத்தில் ராமன் மாம்பழம் தின்றதை ‘வாஸ் ஈட்டன் பை ராமா’ என்று புரட்டிப் புரட்டி எழுதியது அப்போதுதான் நினைவு வந்தது. அந்த ‘பை’யையும் ராமனையும் வெட்டிவிட்டாலும் வாக்கியம் விழாது. ‘மை சன் வாஸ் டேக்கன்.’ மறுகா அதைத் தமிழில் சொன்னேன். தலையாட்டினார். அப்படி எழுதினால் வாங்க மாட்டார்கள் என்று பெரியவர் ஏசினார். அந்த அம்மா அந்தத் தாளைத்தான் கொண்டு போனார்.

எனக்குச் செயப்பாட்டு வினை விளங்கிய கதை இதுதான். மகன் வரவில்லை.

உன் அம்மா டொக்டரிடம் ‘மேல் ஏலாம கிடக்கு’ என்றிருப்பார். நீ ‘டயர்ட்’ என்றிருப்பாய். களைப்பு வேறு, ஏலாமை வேறு என்று உனக்கே தெரியும். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டால் அம்மா எந்தச் சொல்லில் உனக்கு அதைச் சொல்வார்? அந்த ஏலாமையை டொக்டருக்கு விளங்க வைக்க எத்தனை சொல் தேடினாய், எது கிடைக்கவில்லை? அதை எழுதியிருக்க வேண்டாமா மூன்று பக்கத்தில்? (பெரிய வருத்தம் என்றால் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் கேள். அதைப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது.)

புத்தகம் கேட்டிருந்தாய். பிறகு பார்ப்போம். முதலில் அம்மா சொன்னதை அவருடைய சொல்லிலேயே தமிழில் எழுதி, கீழே உன் ஆங்கிலத்தில், பிழையோடு, எழுதி அனுப்பு. அம்மாவுக்கு இப்போது எப்படி என்றும் எழுது.