கேளுங்கள் சொல்கிறோம்: கல்விச் சீர்த் தட்டில் என்ன வைப்பது?

கேள்வி: எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பாதி மின்விசிறிகள் ஓடவில்லை. பெஞ்சு போதாமல் பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள். பள்ளிக்கு வேண்டிய பொருள்களை ஊர்கூடி மேளதாளத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கும் கல்விச் சீர் எடுக்கலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
(வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

அவசியம் எடுங்கள். ஆனால் மேளத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பட்டியல் போடுங்கள். பட்டியல் இல்லாத சீரில் சுவர்க் கடிகாரமும் பிளாஸ்டிக் குடமும்தான் குவியும். விலை குறைவு, தட்டில் வைத்தால் பார்வையாகவும் இருக்கும் என்பதால் ஆளாளுக்கு அதையே வாங்கிவிடுவார்கள். பெஞ்சு வராது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அந்தக் கூட்டத்திலேயே தலைமையாசிரியரை வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக எழுதுங்கள். ‘மின்விசிறி 12’ என்று மட்டும் எழுதினால் போதாது. 48 அங்குலம், இன்ன வகை, ரெகுலேட்டர், மாட்டுகூலி, கடைவிலை எல்லாம் வேண்டும். சாதாரண விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். மின்சாரம் மிச்சப்படுத்தும் பிஎல்டிசி விசிறி ஏறத்தாழ 30 வாட்தான். வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்துவந்து கொக்கி, ஒயரிங், எர்த் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுக் கட்டடத்தில் கொக்கி இருக்காது, குறுக்கே இரும்புப் பைப் போட வேண்டிவரும். இதைக் கணக்கில் சேர்க்காததால் பெட்டி பிரிக்காத விசிறிகள் பீரோவுக்குப் பின்னால் கிடக்கும் பள்ளிகள் உண்டு.

பெஞ்சில் முதல் பங்கு 10-ஆம் வகுப்புக்கு. கணிதத் தேர்வில் வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். தரையில் குனிந்து காம்பஸைச் சுழற்றும் பிள்ளைக்குக் கோடு எப்படி நேராக வரும்? மூவர் உட்காரும் பெஞ்சு என்றால் 40 பேருக்கு 14 செட். ஒரு செட்டை ஒரு தெருவோ, ஒரே வருடம் படித்து முடித்த பழைய மாணவர்களோ சேர்ந்து ஏற்கலாம். நூறு ரூபாய்தான் முடியும் என்கிற வீட்டுக்கும் அதில் இடம் வையுங்கள். வெல்டிங் பட்டறைக்காரர் கூலி வாங்காமல் செய்தால் அதுவும் சீர்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

சீர் இறங்குமிடத்தில் மொய் நோட்டுப் போல ஒரு நோட்டுப் போட்டு உட்காருங்கள்: பெயர், பொருள், எண்ணிக்கை. அன்று சாயங்காலமே அவை பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறி, தலைமையாசிரியரும் குழுத் தலைவியும் கையெழுத்திட வேண்டும். பதிவில் ஏறாத பொருள் நாளை காணாமல் போனால் கேட்க நாதி இருக்காது. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் தருகிறவரிடம் 3 ஆண்டு ஃபில்டர் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபில்டர் மாற்ற ஆளில்லாத இயந்திரம் ஓராண்டில் மூலைக்குப் போய்விடும்.

கேள்வி: பணமாகத் தருகிறவர்கள் தலைமையாசிரியர் எண்ணுக்கே ஜிபே செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். நேர்மையான ஆசிரியர் மீதும் புகார் எழ அது ஒன்றே போதும். பெற்றோர் ஆசிரியர் கழக வங்கிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். அல்லது 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ தளத்தில் உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்துச் செலுத்துங்கள். பள்ளியின் தேவையைத் தலைமையாசிரியர் அதில் ஏற்றியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் கிடைக்காது.

இன்னொன்று. சேர்க்கைக்கோ மாற்றுச் சான்றிதழுக்கோ வரும் பெற்றோரிடம் நன்கொடைப் பேச்சையே எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்களால் மறுக்க முடியாது.

கேள்வி: சிங்கப்பூர், துபாயில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பலாமா?

இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும்கூட. அந்தப் பணத்தை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அது இல்லாத சங்கக் கணக்கில் அந்தப் பணம் விழுந்தால் சிக்கல். வாட்ஸாப் குழுவில் கணக்கு எண்ணைப் போடும்போதே இதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: சுற்றுச்சுவர் கட்டப் பெரிய தொகை வேண்டுமே?

அதற்கு வசூலை மட்டும் நம்பாதீர்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. 9 லட்ச ரூபாய் சுவருக்கு ஊர் 3 லட்சம் திரட்டினால் மீதியை அரசு போடும். குழுத் தீர்மான நகலோடு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். மதிப்பீட்டை அரசுப் பொறியாளர்தான் போட வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு, அவரிடமும் கேளுங்கள். எந்த வழியானாலும் நிர்வாக அனுமதி கைக்கு வரும்முன் கொத்தனாரை இறக்கிவிடாதீர்கள். முன்பே முடித்த வேலைக்குத் திட்டத்தில் பணம் வராது.