முயற்சி இல்லாமலா கூலிகளாகவே இருந்தார்கள்?

கேள்வி: இங்கிலாந்துக் கிராமங்களில் பாட்டன், மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கூலிகளாகவே இருந்த குடும்பங்களைப் பற்றிப் படித்தேன். உலகத்தையே ஆண்ட நாட்டில், ஆலையும் ரயிலும் வந்த பிறகும் அவர்கள் முன்னேறவில்லை என்றால், முயற்சியின்மையைத் தவிர வேறு என்ன காரணம் சொல்ல முடியும்? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: வேறு காரணம் உண்டு. அவர்கள் குடியிருந்த வீடு யாருக்குச் சொந்தம் என்று விசாரித்திருந்தால், அதுவே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பல ஊர்களின் கூலிக் குடும்பங்கள் கூலியை மட்டும் நம்பி வாழவில்லை. ஊர்ப் பொதுநிலத்தில் அவர்களுடைய பசு மேய்ந்தது. அடுப்புக்கு வேண்டிய சுள்ளியும் அங்கேயே கிடைத்தது. 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் நாடாளுமன்றம் ஏறத்தாழ நான்காயிரம் சட்டங்களை இயற்றி, அத்தகைய நிலங்களை வேலியிட்டுத் தனியார் உடைமையாக்கியது. பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் பங்கு கிடைத்தது. வழிவழியாக மாடு மேய்த்து வந்தோம் என்பதைத் தவிர வேறு ஆதாரம் காட்ட முடியாதவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. அறுவடை முடிந்த வயலில் பெண்களும் பிள்ளைகளும் கதிர் பொறுக்குவதுகூடச் சட்டப்படியான உரிமை அல்ல என்று 1788இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அவர்கள் பொறுக்கினார்கள். ஆனால் பண்ணையார் மனம் வைத்தால்தான் உண்டு என்றாகிவிட்டது.

அவர்கள் கை கட்டி நிற்கவும் இல்லை. குளிர்கால வேலையைப் பறித்த கதிரடிக்கும் இயந்திரங்களை 1830இல் தென் மாவட்டங்கள் எங்கும் உடைத்தார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், நானூறுக்கும் மேற்பட்டோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். டார்செட் மாவட்டத்து டோல்பட்டில் கிராமத்தில் வாரக் கூலி ஒன்பது ஷில்லிங்கிலிருந்து எட்டாகவும் ஏழாகவும் குறைந்து, ஆறாகக் குறைக்கப்படும் என்ற நிலை வந்தபோது, ஜார்ஜ் லவ்லெஸ் முதலிய தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமல்ல. ஆகவே, இரகசியமாக உறுதிமொழி எடுத்தார்கள் என்று கடற்படைக் கலகத்துக்காக முன்பு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைத் தேடிப் பிடித்து, 1834இல் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடு கடத்தல் விதித்தார்கள்.

அதே 1834இல் வந்த புதிய ஏழைகள் சட்டம், பிழைக்க வழியற்ற குடும்பம் ‘ஒர்க்ஹவுஸ்’ என்ற விடுதிக்குள் போனால்தான் உதவி என்பதைக் கொள்கையாக்கியது. உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பை நொறுக்கும் வேலை தரப்பட்டிருந்தது. பசி தாங்காமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த சதையையும் உள்ளிருந்த மஜ்ஜையையும் அவர்கள் தின்றது 1845இல் வெளிவந்து நாடே அதிர்ந்தது. அந்த விடுதியின் வாசல் எந்நேரமும் கண்முன்னே இருக்கும்போது, கூலி போதாது என்று பண்ணையாரிடம் வாய் திறக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

இனி வீட்டுக்கு வருகிறேன். கூலிக்காரர்களில் பலர் குடியிருந்த வீடு பண்ணையாருடையது. வேலை உள்ளவரைதான் வீடு. எதிர்த்துப் பேசினால் கூலியோடு கூரையும் போகும். மகன் அதே பண்ணையில் வேலைக்குச் சேர்வதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தகப்பன் தளர்ந்த பிறகும் குடும்பம் அந்த வீட்டிலேயே இருக்க அதுவே வழியாயிற்று.

இதற்கு மறுக்க முடியாத சான்று ஜோசப் ஆர்ச். வாரிக்ஷயர் மாவட்டத்து பார்ஃபோர்டு கிராமத்தில் 1826இல் பிறந்த அவர், ஒன்பது வயதில் பள்ளியை விட்டு வயலில் பறவை விரட்டும் வேலைக்குப் போனவர்; பிறகு உயிர்வேலி கத்தரிக்கும் தொழிலில் பெயர் பெற்றார். 1872 பிப்ரவரி 7 அன்று வெல்ஸ்போர்ன் கிராமத்தில், ஒரு மரத்தடியில் இருட்டில் கூடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் முன் அவர் பேசினார். அந்த ஆண்டே தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அவருக்கு மட்டும் அந்தத் துணிவு எப்படி வந்தது? அவர் குடும்பம் குடியிருந்த வீடு சொந்த வீடு. கேட்க வந்தவர்களிடமும் அறிவுக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. அவர்களை வெளியேற்ற ஒருவர் இருந்தார், ஆர்ச்சை வெளியேற்ற யாரும் இல்லை.

1874இல் கிழக்கு மாவட்டப் பண்ணையார்கள் ஒன்றுசேர்ந்து, சங்கத்தில் இருந்தவர்களுக்கு வேலை இல்லை என்று கதவை அடைத்தார்கள். சங்கம் அந்த அடியிலிருந்து முழுதாக எழவில்லை. கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அதைவிடப் பெருங்கூட்டம் ரயிலுக்கும் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போயிற்று. நீங்கள் சொல்லும் முயற்சி இதுதான். போனவர்கள் உங்கள் கணக்கில் வரவில்லை. நின்றவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து, முயற்சி இல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டீர்கள்.

கிராமத்துக் கூலிக் குடும்பத் தலைவருக்கு வாக்குரிமை கிடைத்தது 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அடுத்த ஆண்டே ஆர்ச் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஆனால் வேலை போனாலும் வீட்டைவிட்டு எளிதில் வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு, பண்ணைத் தொழிலாளர்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே கிடைத்தது. ஆர்ச் மரத்தடியில் பேசி நூறாண்டுகள் கடந்துவிட்டிருந்தன. அதற்குள் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்து, பண்ணை வேலை செய்வோர் சிறு கூட்டமாகச் சுருங்கிப்போனார்கள். காலியான கூலி வீடுகள் பலவற்றை நகரத்து வசதிக்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கினார்கள். அங்கே உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்குச் சொந்த ஊரில் வீடு வாங்கும் வசதி இன்றும் இல்லை.