பருப்புத் தோலில் பாலிஃபீனால்

கேள்வி: நிலக்கடலை, பாதாம், முந்திரி ஆகியவற்றைப் பதப்படுத்துகையில் கழிவாகும் தோலிலிருந்து, மெத்தனால் போன்ற நச்சுக் கரைப்பான்கள் இல்லாமல் ஆன்டி ஆக்சிடன்ட்களைப் பிரித்தெடுக்க முடியுமா?

பதில்: முடியும். பருப்பை ஒட்டியுள்ள மெல்லிய தோலில் கேட்டச்சின், புரோஆந்தோசயனிடின் முதலிய பாலிஃபீனால்கள் என்னும் ஆன்டி ஆக்சிடன்ட்கள் செறிந்துள்ளன. அத்தோலின் துவர்ப்புக்குக் காரணமும் அவையே. தூய நீரையோ தூய எத்தனாலையோ விட, இரண்டும் கலந்த கரைசலே பெரும்பாலும் அவற்றை நன்றாகக் கரைக்கிறது. அக்கலவையில் மீயொலி அலைகளை (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை) செலுத்தும்போது நுண்குமிழிகள் தோன்றி வெடித்துச் செல்சுவர்களைச் சிதைப்பதால், பல மணி நேரம் ஊறவைத்துப் பெறுவதைச் சில நிமிடங்களிலேயே பெற்றுவிடலாம். எத்தனாலையும் வாலைவடித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

நீரை மட்டுமே பயன்படுத்த விரும்பினால், அது கொதித்து ஆவியாகாதபடி அழுத்தத்தில் வைத்து 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். வெப்பம் கூடக்கூட நீரின் முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்னூட்டம் இரு முனைகளாகப் பிரிந்திருப்பதன் விளைவு) குறைந்து, ஏறக்குறைய 200 டிகிரியில் அது மெத்தனாலை ஒத்த கரைப்பானாகிவிடுகிறது. ஆயினும் அவ்வளவு வெப்பத்தில் நாம் தேடும் பொருளே சிதையக்கூடும் என்பதால், மீயொலி முறையையே நான் பரிந்துரைப்பேன்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பூஞ்சை படிந்த தோலில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு இருக்கலாம், ஒவ்வாமை தரும் புரதங்களும் சாற்றுடன் கலந்து வரலாம். ஆகவே, உணவில் சேர்க்குமுன் இவ்விரண்டுக்கும் ஆய்வகச் சோதனை கட்டாயம் தேவை.